பிரிட்டிஷ் பிரஜை பூரணி

டண்டீக்கு அருகில், ஸ்கொட்லாந்து
19 ஜூன் 1949

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும் பூரணி எழுதிக்கொள்வது.

கப்பலில் முதல் பத்து நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. இப்போது தேறிவிட்டேன். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அண்ணிக்குத் தலைச்சுற்று நின்றதா? வடிவு என்னைத் தேடுகிறாளா? தேடி அழுதாலும் எழுதுங்கள், மறந்து விளையாடினாலும் எழுதுங்கள். மூன்று வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வந்தவளுக்கு இரண்டில் எது ஆறுதல் என்று எனக்கே தெரியவில்லை.

இது மெக்ரே துரை பிறந்த வீடு. சுவர் முழுக்கக் கருங்கல். துரையின் அக்கா ஜீன் அம்மா கல்யாணம் செய்துகொள்ளாமல் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வந்த இரண்டாம் நாளே அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ரொட்டிக் கடையில் ஒருத்தி என்னை யாரென்று கேட்டாள். "இங்கிலீஷ் துரை வீட்டு ஆயா" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும் ஜீன் அம்மா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"என் தம்பி இங்கிலீஷ்காரன் இல்ல. எங்க அப்பா இல்ல, எங்க தாத்தா இல்ல. நாங்க ஸ்கொட்லாந்து ஆளுங்க. இங்கிலீஷ்காரி உங்க துரைசாணி மட்டுந்தான்."

இருபது வருஷம் தோட்டத்தில் அவரை நாம் இங்கிலீஷ் துரை என்றுதான் சொன்னோம். அவர் ஒரு நாளும் மறுக்கவில்லையே! இலங்கையில் நம் கிளென்டாரா தேயிலைத் தோட்டத்தின் பெயர்கூட இங்கே ஒரு பள்ளத்தாக்கின் பெயராம். அங்கே ஆடு மேய்கிறது.

துரையின் மகள் மேகிப் பாப்பா என் இடுப்பை விட்டு இறங்குவதில்லை. அவளுக்கும் வடிவுக்கும் ஒரே வயது. அவளைத் தூக்கும்போதெல்லாம் பாரம் ஒன்றுதான், மணம் வேறு. மண்மேடு சரிந்து வடிவின் அப்பா போன பிறகு என்னை பங்களாவுக்குள் சேர்த்து நிழல் கொடுத்தவர் துரைசாணி. மேகியைப் பார்த்துக்கொள்ளக் கூட வா என்று அவர் கேட்டபோது மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு வருஷம்தான். அடுத்த சித்திரைக்கு வீட்டில் இருப்பேன்.

வடிவுக்கு என் முத்தம்.

உங்கள் தங்கை,
பூரணி


கிளென்டாரா தோட்டப் பள்ளி, கொட்டகலை
28 ஓகஸ்ட் 1949

அன்புத் தங்கை பூரணிக்கு அண்ணன் முத்துலிங்கத்தின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்து மனம் நிறைந்தது. இறைவன் அருளால் இங்கே மூவரும் சுகம். அங்கே குளிருக்குத் தக்கபடி உடம்பைப் பார்த்துக்கொள்.

உள்ளபடி எழுதச் சொன்னாய். முதல் பத்து நாள் வடிவு பங்களா கேற் அருகே போய் நின்றாள். பிறகு போவதில்லை. இப்போது நாகலெட்சுமியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். மூன்று முறை பிள்ளை வயிற்றில் தங்காமல் போனதிலிருந்து உன் அண்ணி சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது லயத்து வீடுகள் எல்லாவற்றுக்கும் கேட்கும்படி சிரிக்கிறாள்.

நாட்டு நடப்பு சரியில்லை. புதிய குடியுரிமைச் சட்டத்தில், இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்த வம்சம் என்று நமக்கு இடமில்லை. இப்போது இன்னொரு சட்டம் போட்டு, இத்தனை வருஷம் இங்கே இருந்தோம் என்று காட்டி விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். நம் சங்கம் விண்ணப்பம் போட வேண்டாம், எதிர்த்து நிற்போம் என்கிறது. நேற்று தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டும் ஆண்டியப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்து கேட்டார்.

"வாத்தியாரய்யா, போன வருசம் வரைக்கும் நாம யாரு?"

"பிரிட்டிஷ் பிரஜை."

"தொரை?"

"அவரும் பிரிட்டிஷ் பிரஜைதான்."

"அப்ப நாமளும் தொரையும் ஒரே ஆளுங்களாத்தான் இருந்திருக்கோம். ஒருத்தரும் நம்மகிட்ட சொல்லவே இல்லியே!"

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நீ எதற்கும் கவலைப்படாதே. சட்டத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
முத்துலிங்கம்


டண்டீக்கு அருகில்
11 டிசெம்பர் 1949

அன்புள்ள அண்ணா,

எல்லாருடைய நலத்தையும் இந்தக் குளிரிலிருந்து கேட்கிறேன். விரல் மடங்கவில்லை, அதனால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் தினமும் ஒரே சண்டை. மேகிக்கு நான்கு வயதாகிறது. அவளை இங்கிலாந்தில் தன் அக்கா வீட்டில் வைத்துப் படிக்க வைக்க வேண்டும் என்கிறார் துரைசாணி. சாப்பாட்டு மேசையில் ஜீன் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அவ ஸ்கொட்லாந்துப் புள்ள." "நாம எல்லாருமே பிரிட்டிஷ்தானே அண்ணி, எங்க படிச்சா என்ன?" என்றார் துரைசாணி. அதற்குத் துரை தலை நிமிராமலே சொன்னார்: "உனக்குப் பிரிட்டிஷும் இங்கிலீஷும் ஒண்ணுதான். அதனாலதான் உனக்குப் புரியல." துரைசாணி அழுதுகொண்டே எழுந்து போய்விட்டார். பாவம், இந்த ஊரில் அவருக்குப் பேச ஆளே இல்லை. என்னிடம்தான் வந்து பேசுகிறார்.

நான் அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டே யோசித்தேன். பிரிட்டிஷ் என்பது இவர்களுக்கு லயத்து முன்வாசல் போல. பொது வாசல், எல்லாரும் நிற்கலாம். ஆனால் இருட்டினால் அவரவர் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். என் பாஸ்போர்ட்டிலும் பிரிட்டிஷ் பிரஜை என்றுதான் இருக்கிறது. எனக்கு எந்தக் காம்பரா என்றுதான் தெரியவில்லை.

அண்ணா, முக்கியமாகக் கேட்க நினைத்தது இது. துரைசாணி மறுபடி கர்ப்பமாக இருக்கிறார். உடம்பு மிகவும் மோசம். பிள்ளை பிறந்து தான் எழுந்து நடமாடும் வரை, புரட்டாசி வரை இருந்துவிட்டுப் போ என்று கையைப் பிடித்துக் கெஞ்சுகிறார். எனக்கு வடிவைப் பார்க்காமல் உயிர் போகிறது. ஆனாலும் இந்த அம்மாவை இந்த நிலையில் விட மனம் வரவில்லை. நான் கூடுதலாகத் தங்கினால் அந்தப் புதுச் சட்டத்தால் ஏதாவது தடை வருமா? வரும் என்றால் ஒரு வரி போதும். யார் அழுதாலும் அடுத்த கப்பலில் வந்துவிடுவேன். நீங்கள் சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

தங்கை,
பூரணி


டண்டீக்கு அருகில்
2 ஏப்ரல் 1950

அன்புள்ள அண்ணா,

நலமா? அண்ணி, வடிவு நலமா? டிசெம்பரில் ஒரு கடிதம், மாசியில் ஒரு கடிதம் போட்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் அண்ணியிடம் சொல்லி யாரைக் கொண்டாவது எழுதச் செய்யுங்கள்.

தடை ஏதும் இருந்தால் நீங்கள் எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, புரட்டாசி வரை இருக்கிறேன் என்று துரைசாணியிடம் சொல்லிவிட்டேன். என் பெயரில் இருந்த கப்பல் சீட்டை இன்று திருப்பிக் கொடுத்தார்கள்.

வடிவு இப்போது என்னென்ன பேசுகிறாள்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.

பூரணி


கிளென்டாரா தோட்டப் பள்ளி, கொட்டகலை
17 செப்டெம்பர் 1950

அன்புத் தங்கைக்கு,

நீ சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன். இத்தனை மாதம் எழுதாததற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூட வேலை, எனக்கு நீண்ட காய்ச்சல், பிறகு வடிவுக்குக் கக்குவான். நாகலெட்சுமி நாற்பது நாள் அவளை மடியிலிருந்து இறக்கவில்லை. இப்போது பிள்ளை பூரண சுகம். பாட்டுப் பாடுகிறாள்.

ஒரு கெட்ட செய்தியும் எழுத வேண்டியிருக்கிறது. நாட்டை விட்டுப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் போய் இருந்தவர்களின் குடியிருப்பு முறிந்துவிட்டதாகக் கணக்காம். அவர்கள் விண்ணப்பம் போட முடியாது. இதை நான் இப்போதுதான் அறிந்தேன். நீ போய்ப் பதினாறு மாதம் ஆகிறது. இனி உள்ளே வருவதற்கே அனுமதி வேண்டும் என்கிறார்கள். லண்டனில் உள்ள இலங்கை அலுவலகத்தில் கேட்டுப் பார்.

சங்கம் மனம் மாறி விண்ணப்பம் போடச் சொல்லும் போலத் தெரிகிறது. தாயோ தகப்பனோ விண்ணப்பித்தால்தான் பிள்ளை பெயர் அதில் சேரும். தகப்பன் இல்லை, நீ அங்கே. வடிவு பிறந்ததை நேரத்துக்குப் பதியவும் இல்லை. ஆகவே அவளை எனக்கும் நாகலெட்சுமிக்கும் பிறந்த பிள்ளை என்று சத்தியக் கடதாசி கொடுத்து என் விண்ணப்பத்தில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். கடதாசியில் மட்டும்தான். உன் சம்மதம் வேண்டும்.

அன்பு அண்ணன்,
முத்துலிங்கம்


டண்டீ
9 மார்ச் 1952

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

உங்கள் நலம் நாடுகிறேன். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. முகவரி மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள்.

லண்டனில் இலங்கை அலுவலகத்துக்கு இரண்டு தடவை போனதை முன்பே எழுதினேன். இரண்டு தடவையும், நீங்கள் இந்தியர், இந்திய அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்கள். இந்திய அலுவலகத்தில் இருந்த தமிழர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார வைத்து அன்பாகக் கேட்டார். "எந்த ஊரும்மா உங்களுக்கு?" கொட்டகலை என்றேன். "அது சரி, இந்தியாவுல எந்த ஊரு?" நான் இந்தியாவைப் பார்த்ததே இல்லை என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். வடிவின் பெயரைச் சேர்க்கச் சரி என்று உங்களுக்கு எழுதியது அன்றைக்குத்தான். நான் அகப்பட்டுக்கொண்ட இடத்தில் என் பிள்ளையும் அகப்படக் கூடாது.

துரையின் வீடும் உடைந்துவிட்டது. துரைசாணிக்கு அந்தப் பிள்ளை தங்கவில்லை. அதன் பிறகு இருவருக்கும் பேச்சே இல்லை. துரை ஆப்பிரிக்காவில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். துரைசாணி மேகியைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். ரயில் போனதும் ஜீன் அம்மா சொன்னார்: "போச்சு. இனி அவ இங்கிலீஷ்காரி." எனக்கு அந்த வார்த்தையெல்லாம் உறைக்கவில்லை. ரயில் ஜன்னலில் மேகி என்னைப் பார்த்துக் கையை நீட்டிக்கொண்டே போனதுதான் தெரிந்தது. என் பிள்ளையை விட்டுவிட்டு வந்து வளர்த்த பிள்ளையும் போய்விட்டது.

நான் இப்போது ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பிரஜை என்ற பழைய பாஸ்போர்ட் மட்டும் போதாது, ஒரு வருஷத்துக்கு மேல் இங்கே இருந்ததால் பிரிட்டிஷ் குடியுரிமைக்குப் பதியலாம் என்று ஜீன் அம்மாதான் கூட்டிப்போனார். கடதாசி வந்துவிட்டது. அப்படியானால் நானும் இனி ஸ்கொட்லாந்துக்காரியா என்று விளையாட்டாகக் கேட்டேன். அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பிரிட்டிஷ்ங்கிறத ஆபீசுல குடுப்பாங்க பூரணி. மத்தத குடுக்க அவங்களால முடியாது" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்காக ஒரு கேக்கும் செய்தார்.

வடிவுக்கு ஆறு வயது. பல் விழுந்திருக்குமே.

பூரணி


கிளென்டாரா தோட்டப் பள்ளி, கொட்டகலை
22 ஜூலை 1956

அன்புத் தங்கைக்கு,

நலமாயிருப்பாய் என்று நம்புகிறேன். நாங்கள் நலம். மழை ஓயவில்லை, வட்டவளைப் பக்கம் பாதையில் மண் விழுந்து இரண்டு நாள் ரயில் இல்லை.

நல்ல செய்தி. நம் விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்து, எனக்கும் நாகலெட்சுமிக்கும் வடிவுக்கும் குடியுரிமை கிடைத்துவிட்டது. இந்த மலையில் பத்து லயத்துக்கு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்திருக்கிறது. ஆண்டியப்பனுடைய விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். எழுபது வருஷத்துக்கு முன் அவருடைய அப்பா வந்ததற்குச் சீட்டு எங்கே என்று கேட்டார்களாம்.

வடிவுக்குப் பத்து வயது. வகுப்பில் முதலாவது. உன் கடிதங்களை இப்போது அவளே பிரித்துப் படித்துவிடுகிறாள். இதுவரை அவளிடம் உன்னை அத்தை என்றுதான் சொல்லியிருக்கிறோம். விஷயம் தெரிந்த பழைய ஆட்களும் நமக்காக வாயைக் கட்டிக்கொண்டார்கள். வாய் தவறி வெளியே ஏதாவது சொல்லிவிட்டால் விசாரணையைத் திரும்பவும் கிளப்புவார்கள். கொடுத்த கடதாசி பொய் என்று மூவருடையதையும் பறித்துவிடுவார்கள். ஆகவே இனி நீ எழுதும்போது அத்தையாகவே எழுது. அவள் வளர்ந்ததும் நானே பக்குவமாகச் சொல்வேன்.

நாகலெட்சுமி உன்னை மிகவும் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

முத்துலிங்கம்


டண்டீ
19 ஓகஸ்ட் 1956

அன்பு மருமகள் சண்முகவடிவுக்கு,

நீ வகுப்பில் முதலாவதாக வந்ததை உன் அப்பா எழுதியிருந்தார். மிகவும் சந்தோஷம். உனக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாமல் இங்கே பத்து வயதுப் பிள்ளை ஒன்றைக் கடையில் நிறுத்திப் பார்த்து வாங்கினேன். சரியாக இருக்கிறதா, கை நீளமா என்று எழுது.

அப்பாவையும் அம்மாவையும் நான் கேட்டதாகச் சொல். அம்மா சொல் கேட்டு நட.

உன் அத்தை,
பூரணி


கிளென்டாரா தோட்டப் பள்ளி, கொட்டகலை
15 நவம்பர் 1964

பூரணிக்கு,

உன் நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று இதைப் படித்துவிட்டு நீயே சொல்.

நாகலெட்சுமி கண்மூடி ஆறு மாதம் ஆகிறது. வடிவுக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டோம். மாப்பிள்ளை சோலைமலை, அட்டனில் பள்ளி ஆசிரியர், குடியுரிமை உள்ளவர். வடிவுக்கும் தை மாதத்திலிருந்து அரசாங்கப் பள்ளியில் நியமனம். அந்தக் கடதாசி இல்லாவிட்டால் அது கிடைத்திருக்காது. வரும் மாசியில் கல்யாணம்.

இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் செய்துவிட்டதை அங்கே பத்திரிகையில் பார்த்திருப்பாய். ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பப் போகிறார்கள். தினமும் ஆட்கள் பள்ளிக்கு வந்து, "எங்க பேரு எந்தப் பக்கம் வாத்தியாரய்யா?" என்று கேட்கிறார்கள். ஆண்டியப்பன் போன வாரம் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு மனிதனை ஊர் இல்லாதவனாக்குவது அரசாங்கம் மட்டும் செய்கிற வேலை என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வேன்? நானும் ஒருத்தியை அப்படிச் செய்தவன்.

1950 ஜனவரியில் கொட்டகலையில் சங்கக் கூட்டம் நடந்தது. அந்தப் பன்னிரண்டு மாத விதியை அன்றே விளக்கினார்கள். இரண்டு நாள் கழித்து, தடை ஏதும் உண்டா, ஒரு வரி போதும் என்ற உன் கடிதம் வந்தது. அன்றே பதில் எழுதினேன். உடனே புறப்படு என்று எழுதினேன். உறையில் முகவரியும் எழுதினேன். வடிவு நாகலெட்சுமியின் முதுகில் தொங்கிக்கொண்டு அவளை அம்மா என்று கூப்பிட்டது அந்த வாரத்தில்தான். நாகலெட்சுமி என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. "பூரணி எப்ப வருதாம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நாளை போடலாம் என்று கடிதத்தைப் பள்ளி அலமாரியில் வைத்தேன். சித்திரை தாண்டியதும் கிழித்துப் போட்டேன். காய்ச்சல் என்று எழுதியது பொய்.

அவள் மீது பழி போடவில்லை. சட்டம் தெரிந்தவன் நான்.

முடிந்தால் கல்யாணத்துக்கு வா. என்னை என்ன செய்தாலும் ஏற்கிறேன்.

முத்துலிங்கம்


டண்டீ
12 டிசெம்பர் 1964

அண்ணனுக்கு,

நான் சுகம்.

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு, அன்றைக்கு வந்த படுக்கை விரிப்புகளை எல்லாம் மடித்து முடித்தேன். பதினைந்து வருஷம் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். மற்றவர் பிள்ளைக்கு இரங்கி என் பிள்ளையை இழந்தேன், என் புத்தி அவ்வளவுதான் என்று. அதற்காவது முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

மன்னிப்புக் கேட்டு நீங்கள் எழுதவில்லை. நல்லது. கேட்டிருந்தாலும் கொடுக்க இப்போது என்னிடம் இல்லை.

கல்யாணத்துக்கு வருகிறேன். லண்டன் போய் விசா எடுத்துவிட்டேன், முப்பது நாளுக்கு. அங்கே இருந்தவர் சின்ன வயதுச் சிங்களப் பிள்ளை. பாஸ்போர்ட்டில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிங்களத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். "நான் கம்பளை. உங்க ஊரு எங்க ரயில் பாதையிலதான்." பிறகு சிரித்தபடி, "இப்ப நீங்க இங்கிலீஷ் நோனாவா?" என்று என்னைத் துரைசாணி ஆக்கிக் கேட்டார்.

"இல்ல மாத்தயா, பிரிட்டிஷ்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"இங்கிலீஷ்காரங்களுக்குப் போறதுக்கு ஒரு ஊரு இருக்கு."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். எனக்குப் பாவமாகிவிட்டது. நல்ல பிள்ளை. பிறகு படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள்? அண்ணனை. எதற்கு? அண்ணன் மகள் கல்யாணம். இலங்கையில் உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?

இல்லை என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல்லை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எனக்கு அது முடியவே இல்லை போலிருந்தது.

நான் வருவதற்குள் வடிவிடம் நீங்கள் சொல்லிவிட வேண்டும். கடதாசியில் அல்ல, வாயால். அந்தக் கிழித்த கடிதத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் வேறொன்றும் கேட்கவில்லை. அவளுடைய வேலைக்கும் வாழ்க்கைக்கும் என்னால் கேடு வராது.

பூரணி


கிளென்டாரா தோட்டம், கொட்டகலை
9 ஜனவரி 1965

மதிப்புக்குரிய உங்களுக்கு,

வணக்கம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியாமல் நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அப்பா சொல்லிவிட்டார். பள்ளி விட்டுப் பிள்ளைகள் போன பிறகு, வகுப்பில் நான் படித்தபோது உட்கார்ந்த பெஞ்சில் அவர் உட்கார்ந்துகொண்டு சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு நாள் நான் அவருக்குச் சோறு வைத்தேன், பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் இருமுவதைக் கேட்டுவிட்டு மல்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது.

ஒன்று நான் சொல்ல வேண்டும். விசாரணைக்கு வந்த அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அம்மா யார் என்று கேட்டார். நான் விரலை நீட்டி அம்மாவைக் காட்டினேன். எனக்குப் பத்து வயது, பொய் என்று தெரியாது. இருந்தாலும் என் விரல்தான் அது. நீங்களும் லண்டனில் பிள்ளை இல்லை என்று சொல்ல வேண்டியிருந்ததை அப்பா படித்துக் காட்டினார்.

கல்யாணப் பத்திரிகை அச்சாகிவிட்டது. அதில் நீங்கள் அத்தை. மாப்பிள்ளையிடம் மட்டும் உண்மையைச் சொல்லியிருக்கிறேன். அவர் தனியாக விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றவர், அவருடைய அப்பா அம்மா இருவருக்கும் இல்லை, இந்தியாவுக்குப் போகத்தான் வேண்டும். அவர் கேட்டுவிட்டு, "வாங்கன்னு எழுது, வேற எதையும் யோசிக்காத" என்றார்.

வாங்க. நான் அம்மா என்று நினைத்திருந்தவர் போய்விட்டார். அவரை அப்படி நினைப்பதை என்னால் நிறுத்த முடியாது. அதை உங்களிடம் மறைக்கவும் விருப்பமில்லை. ஆனாலும் வாங்க.

சண்முகவடிவு


கொழும்பு
14 மார்ச் 1965

அண்ணனுக்கு,

கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கப்பல் மாலை ஐந்து மணிக்கு. அதற்குள் இதை முடித்துத் தபாலில் போட வேண்டும்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. கோயிலில் நான் தூணுக்குப் பின்னால் நின்றதை நீங்கள் அடிக்கடி திரும்பிப் பார்த்தீர்கள். நான் தாய் என்று ஊருக்கே தெரிந்திருந்தாலும், புருஷன் இல்லாதவள் என்று அங்கேதான் நிறுத்தியிருப்பார்கள். அதனால்தான் விஷயம் தெரியாத யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் போன பிறகு தோட்டத்துக்கு வந்த, கொழுந்தெடுக்கும் வேலாயி பக்கத்தில் நின்றாள். "அண்ணன் மகளுக்காக வெள்ளைக்காரன் நாட்டுல இருந்து வந்திருக்கியே, ஒனக்கும் ஒரு புள்ள இருந்திருக்கலாம்" என்று என் கையைத் தடவினாள்.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். மறுவீட்டுக்கு வந்த அன்று காலையில் வடிவு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். மண்மேடு சரிந்த இடத்தைக் காட்டச் சொன்னாள். ஏழாம் நம்பர் மலைக்குப் போகும் பாதையில் இருவரும் ஏறினோம். அந்த இடத்தில் இப்போது தேயிலை நட்டிருக்கிறார்கள், கொழுந்து நன்றாக வந்திருக்கிறது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். "அவரு பேரு என்ன?" என்றாள். அழகன் என்றேன். "உயரமா?" ஆமாம் என்றேன். "என்னத் தூக்கியிருக்காரா?" ஒவ்வொரு நாளும், பெரட்டுக்குப் போகும்போது, ஆள் கணக்கெடுக்கும் அந்த இடம் வரை தூக்கிக்கொண்டு போய், அங்கிருந்துதான் என்னிடம் கொடுப்பார் என்றேன். அவள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு என் சேலையில் ஒட்டியிருந்த புல் விதையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே இறங்கி வந்தாள். இந்த இருபத்து நான்கு நாளில் எனக்குக் கிடைத்தது அது.

இன்னும் ஆறு நாளுக்கு அனுமதி இருந்தது. இருந்திருக்கலாம். தினமும் காலையில் நீங்கள் இருமிக்கொண்டே வெளியே வருவதையும், அவள் சுடுதண்ணீரோடு ஓடுவதையும் பார்த்தேன். அவள் உங்களைப் பார்க்கும் பார்வையில் கோபமும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. என்னைப் பார்ப்பதில் மரியாதை இருக்கிறது. இந்த வயதில் அதை வேறொன்றாக மாற்ற ஆறு நாள் போதாது. அதனால்தான் புறப்பட்டேன். கப்பல் மாறிவிட்டது என்று சொன்னது பொய். நம் வீட்டில் இது கடைசிப் பொய்யாக இருக்கட்டும்.

ஜீன் அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அங்கே நான் ஸ்கொட்லாந்துக்காரி இல்லை, இங்கே இலங்கைக்காரி இல்லை. ஆனால் அங்கே ஒருத்திக்கு நான் வந்தால் தெரியும், வராவிட்டாலும் தெரியும். அதற்குத்தான் போகிறேன்.

இனி வடிவுக்கு எழுதுவேன். அதை நீங்களும் வாங்கிப் படிக்கலாம். உங்கள் பெயருக்கு என்னிடமிருந்து கடிதம் வராது. சபித்து எழுதவில்லை. உங்களுக்கு எழுத உட்காரும்போதெல்லாம், பதிலுக்குக் காத்திருந்த அந்த ஒன்பது மாதம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

கொட்டகலை ஸ்டேசனில் நீங்கள் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தீர்கள். சனம் நிறைய இருந்தது. விசில் ஊதியதும் வடிவு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுற்றிலும் பார்த்தாள். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "போயிட்டு வாங்க அத்தை" என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். நானும் கையசைத்து, "வரேம்மா" என்றேன்.

பூரணி